தோட்டத்து மரத்தில் ஓட்டுக் கூரை: வெட்டுவதிலிருந்து ஓடு ஏற்றுவது வரை

காங்கேயம், தாராபுரம் பக்கம் கொறங்காட்டு (வேலி கட்டிய மேய்ச்சல் நிலத்து) வெள்வேல். பொள்ளாச்சியில் தென்னை. வாய்க்கால் ஓரம் பூவரசு, கிணற்று மேட்டில் வேம்பு, பத்து வருஷத்துக்கு முன்னால் யாரோ சொன்னார்கள் என்று பொழியில் நட்ட மலைவேம்பு. கொங்கு நாட்டில் தோட்டத்துக்கு மரத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் வீடு கட்டும்போது அதே தோட்டக்காரர் மரக்கடைக்குப் போய், கப்பலில் வந்த மரத்தை வாங்கி வருகிறார். சொந்த மரம் பிளைவுட் கம்பெனிக்கோ காளவாய்க்கோ போகிறது. கேட்டால், "நம்ம மரம் கோணிக்குமுங்க, உளுத்துப் போயிருமுங்க" என்பார்கள். கோணுவதும் உளுப்பதும் உண்மைதான். அதில் மரத்தின் குணம் கொஞ்சம். பச்சையாக அறுத்துப் பச்சையாகவே ஏற்றியதன் குற்றம்தான் மிச்சமெல்லாம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். 20 அடி நீளம், 10 அடி உள் அகலம் உள்ள ஓர் ஆசாரத்துக்கு (வீட்டுக் கூடம்) ஒருபக்கச் சரிவாக ஓட்டுக் கூரை. இதைச் சரியாகச் செய்துவிட்டால் கதவும் நிலையும் சன்னலும் அதே வழிதான்.

கரிக் கணக்கு

காய்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி கரி (கார்பன்). மரம் அதைக் காற்றிலிருந்து இழுத்து வைத்திருக்கிறது. ஒரு கன அடி தேக்குக்குள் சுமார் 30 கிலோ கரியமில வாயு அடைந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். லேசான மலைவேம்பில் 20 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அந்தப் பக்கம், நம் ஆசாரத்துக்கு 5 அங்குலக் கான்கிரீட் தார்சு போட்டால் 22 மூட்டை சிமென்ட்டும் 200 கிலோவுக்கு மேல் கம்பியும் ஆகும். அவற்றைத் தயாரிக்கையிலேயே ஒரு டன்னுக்கு மேல் கரியமில வாயு வானத்துக்குப் போய்விடுகிறது. ஓடும் சூளையில் வெந்துதான் வருகிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. இடிக்கும் வீட்டிலிருந்து பழைய ஓடு வாங்கினால் அந்தக் கணக்கும் குறையும்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. மரம் இருக்கும் வரைதான் கரியும் உள்ளே இருக்கும். ஐந்து வருஷத்தில் செல் (கரையான்) அரித்தால் கரி திரும்பக் காற்றுக்கே போய்விடும், உங்கள் பணமும் கூடவே போகும். அதனால் கீழே வரும் உலர்த்தல், மருந்து, தூணுக்குக் கீழே கல் எல்லாம் கூரையின் ஆயுளுக்கு மட்டுமல்ல, இந்தக் கணக்குக்கும் சேர்த்துத்தான்.

முதலில் அளவு, பிறகு மரம்

பெரும்பாலானவர்கள் மரத்தை வெட்டிவிட்டுத்தான் என்ன செய்யலாம் என்று யோசிக்கிறார்கள். திருப்பிச் செய்யுங்கள்.

சீமை ஓட்டுக்கு (மங்களூர் ஓடு) 30 டிகிரி சரிவு வேண்டும், அதாவது அடிக்கு 7 அங்குல ஏற்றம். 10 அடி அகலத்தோடு சுவருக்கு வெளியே நீளும் 2 அடி இறவாரத்தையும் சேர்த்தால் கைமரம் (சுவருக்குச் சுவர் சரிவாகப் படுக்கும் சட்டம்) 14 அடி வரும். 2 அடிக்கு ஒன்று வீதம் 11 கைமரம். ஒவ்வொன்றும் 2 × 5 அங்குலம்.

ஏன் 2 × 5? ஓடும் சட்டமும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 65 கிலோவரை இறங்கும். 2 × 4 உடைந்துவிடாது, ஆனால் 10 அடித் தாங்கலில் நடுவில் தொய்யும். தொய்ந்த இடத்தில் ஓடு வாய் பிளந்து மழை உள்ளே வரும். அகலம் 8 அடி என்றால் 2 × 4 போதும். சட்டத்தை எப்போதும் நிமிர்த்தி வைக்க வேண்டும். உயரத்தை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்கு கூடும், அகலத்தை இரண்டு மடங்காக்கினால் இரண்டு மடங்குதான். படுக்க வைத்த 5 × 2 வீண்.

கைமரத்தின் மேல் குறுக்கே ஓடி ஓட்டைத் தாங்கும் ரீப்பர் 2 × 1 அங்குலம், 15 வரிசை, ஒவ்வொன்றும் 20 அடி. ரீப்பர் இடைவெளியைப் புத்தகம் பார்த்து வைக்காதீர்கள். வாங்கப்போகும் ஓட்டில் பத்தை வரிசையாகத் தரையில் மாட்டி அளந்து வகுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சூளையின் ஓட்டுக்கும் அளவு சற்று மாறும், பழைய ஓட்டில் இன்னும் மாறும். சுவரின் மேல் படுக்கும் சட்டம் 4 × 3 அங்குலம், 20 அடியில் இரண்டு.

கைமரம் 10.7, ரீப்பர் 4.2, சுவர்ச் சட்டம் 3.3. மொத்தம் 18 கன அடியைத் தாண்டும். சேதாரத்துக்கும் சேர்த்து 20 என்று வையுங்கள். இந்த அளவுகளை வேலைக்கு முன் ஒரு கட்டடப் பொறியாளரிடம் காட்டி ஒப்பம் வாங்கிவிடுங்கள். உடுமலை, பல்லடம் போல ஆடிக் காற்று சாடும் ஊரானால் கட்டாயம்.

இனி நிற்கும் மரத்தை அளக்கலாம். கட்டையின் நடுவில் நாடாவைச் சுற்றி அங்குலத்தில் சுற்றளவு எடுங்கள். அதை நான்கால் வகுத்து, வந்ததை அதே எண்ணால் பெருக்கி, அடியில் உள்ள நீளத்தால் பெருக்கி, 144-ஆல் வகுத்தால் கன அடி. 40 அங்குலச் சுற்று, 14½ அடி நீளம் என்றால் 10 × 10 × 14.5 ÷ 144, அதாவது 10 கன அடி. அறுத்தால் சட்டமாகக் கிடைப்பது பாதி என்று எண்ணுங்கள். நமக்கு அந்த அளவில் 4 கட்டை வேண்டும், கோணல் வெடிப்புக்கு ஒன்று கூடுதல். மரக்கடைக்கு விற்கும்போதும் இந்தக் கால்சுற்றுக் கணக்குதான் ஓடும். அது உண்மைக் கன அளவைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைத்துக் காட்டும் என்பதை விற்பவர் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

எந்த மரம் எதற்கு

மரம் வெட்டியதும் வெட்டுமுகத்தை ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். வெளியே வெளுப்பாக ஒரு வளையம், உள்ளே நிறம் ஏறிய வட்டம். உள்வட்டம்தான் வைரம், செல்லும் மரம் துளைக்கும் உளுவும் கடிக்கத் தயங்குவது அதைத்தான். வெளிவளையம் மரத்தின் தண்ணீர்ப் பாதை, மாவுச்சத்து நிறைந்தது, பூச்சிக்கு விருந்து. தண்ணீர் பாய்ச்சி 15 வருஷத்தில் வளர்த்த தேக்கில் இந்த வெள்ளைப்பகுதியே கணிசமாக இருக்கும். "தேக்கு உளுக்காது" என்பது வைரத்துக்குச் சொன்ன சொல். வெள்ளைத் தேக்கு சாதாரண மரம்போலவே உளுத்துப் போகும்.

வேம்பு, தேக்கு வைரம், வாகை: கைமரத்துக்கும் நிலைக்கும் நல்லவை. வேம்பு நீளமாக, நேராகக் கிடைப்பதுதான் அரிது. நிலைக்கும் சன்னலுக்கும் ஒதுக்கிவிடுங்கள். மலைவேம்பு நேராக, நீளமாக, லேசாக வரும். மருந்து ஏற்றி, மழை படாத இடத்தில் கைமரம், ரீப்பர் எல்லாவற்றுக்கும் ஆகும். ஏற்காடு, கொல்லிமலைப் பக்கம் மிளகுக்கொடி ஏற்றிய சில்வர் ஓக்கும் இதே ரகம். வெள்வேலும் நாட்டுக் கருவேலமும் கெட்டி, ஆனால் குட்டை. முளை, கதவுத் தாழ், படிக்கட்டுப் பலகை என்று துண்டு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம். கொறங்காட்டில் நிழலுக்கும் நெற்றுக்கும் நிற்கிற வெள்வேலைக் கூரைக்காக வெட்டுவது நல்ல பண்ணையம் இல்லை. காய்ந்து விழுந்ததை எடுங்கள்.

பனையையும் தென்னையையும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டும் மற்ற மரங்களுக்கு நேர் எதிர். மற்ற மரத்தில் பலம் உள்ளே, இவற்றில் வெளியே. முதிர்ந்த தென்னையைக் குறுக்கே அறுத்தால் பட்டையை ஒட்டி இரண்டு மூன்று அங்குலம் கறுப்பு நரம்புகள் நெருக்கிக் கிடக்கும், நகம் இறங்காது. நடுவுக்குப் போகப் போக நரம்பு விலகி, கட்டைவிரலால் அழுத்தினால் குழியும் சோறு. அடிமரத்தில் கெட்டிப்பகுதி தடிப்பு, உச்சியில் ஒன்றுமே தேறாது. ஆகவே தென்னையில் அடியிலிருந்து பாதி உயரம் வரை, வெளிச்சுற்றில் மட்டும் சட்டம் எடுக்க வேண்டும். 50, 60 வருஷ மரமாக இருந்தால் நல்லது. நடுச்சோற்றுச் சட்டத்தை நல்ல சட்டத்தோடு கலந்து ஏற்றினால் அந்தக் கைமரம் ஒன்றுதான் முதலில் தொய்யும்.

பொள்ளாச்சி, ஆனைமலை வட்டாரத்தில் கேரள வாடல் நோயால் தென்னைகளை வெட்டித் தள்ளுகிறார்கள். அந்த நோய் ஓலையையும் காயையும் கெடுக்குமே தவிர, அடிமரத்தின் கெட்டியை உடனே தின்றுவிடாது. வயதான மரமாக இருந்து, பட்டுப்போய்ப் பல மாதம் நின்றுவிடாமல் இருந்தால், விறகு விலைக்குப் போகும் அந்தக் கட்டையில் கூரை இருக்கிறது. கவனிக்க இரண்டு. தென்னைக்கு வைரம் என்ற காப்பு கிடையாது, மருந்து இல்லாமல் ஒரு சட்டம்கூட ஏற்றக்கூடாது. அது ரம்பத்தையும் தின்னும். சாதாரணப் பல் சில மணி நேரத்தில் மழுங்கிவிடும், கார்பைடு பல் வைத்த ரம்பம் உள்ள சாமில்லாகப் பாருங்கள்.

பனையை வெட்டவே நினைக்க வேண்டாம், மாவட்ட ஆட்சியர் அனுமதி தேவை. அதற்கு அவசியமும் இல்லை. பழைய ஓட்டு வீடுகளும் தொட்டிக்கட்டு வீடுகளும் இடிகிற ஒவ்வொரு ஊரிலும் நூறு வருஷம் உழைத்த பனங்கை விற்பனைக்கு வருகிறது. வாங்கும்போது சுவருக்குள் இருந்த முனையைக் குத்தூசியால் குத்திப் பாருங்கள். செல் அங்கேதான் நுழைந்திருக்கும். முனையில் ஒரு அடி வெட்டி எறிந்தாலும் மிச்சம் பெரும்பாலும் இரும்பு.

அனுமதி

சொந்தப் பட்டா நிலத்து மலைவேம்புக்குப் பெரிய தொல்லை இல்லை. தேக்கு வெட்டவும் வண்டியில் ஏற்றவும் முன்னதாக வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், சிட்டாவும் அடங்கலும் கையில் இருக்கட்டும். சந்தனம், ஈட்டி இரண்டையும் அனுமதி இல்லாமல் தொடக்கூடாது, தானாக முளைத்திருந்தாலும். ஏற்காடு, வால்பாறை, கொல்லிமலை போன்ற மலைப்பகுதிகளுக்கு 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் தனி. பாதையோரப் புறம்போக்கு மரம் நீங்கள் தண்ணீர் ஊற்றி வளர்த்திருந்தாலும் உங்களுடையது அல்ல. மின்கம்பி அருகே நின்றால் லைன்மேனுக்குச் சொல்லிவிட்டு வெட்டுங்கள்.

வெட்டும் காலம், அறுக்கும் முறை

மார்கழிக் கடைசியிலிருந்து மாசிக்குள் வெட்டுங்கள். வடகிழக்கு மழை ஓய்ந்திருக்கும், அடுத்த ஐப்பசி வரை காய எட்டு மாதம் கிடைக்கும். அமாவாசையில் வெட்டினால் உளுக்காது என்று ஆசாரிமார் சொல்வதுண்டு. அமாவாசைக்குக் காத்திருப்பதில் நட்டமில்லை, ஆனால் அதை நம்பி மருந்தை விட்டுவிடாதீர்கள்.

வேலியோர மரத்தில் ஆளுயரத்துக்குள் முள்கம்பியும் ஆணியும் புதைந்திருக்கும். பட்டைக்குமேல் ஒன்றும் தெரியாது. சாமில்லுக்குக் கொண்டுபோகும் முன் மெட்டல் டிடெக்டர் ஓட்டுங்கள், இல்லையென்றால் அடியில் 5 அடியை விறகுக்கு ஒதுக்குங்கள். பேண்டு ரம்பம் அறுந்தால் அதன் விலை உங்கள் கூலியில் ஏறும்.

மலைவேம்பு, மா, தென்னை ஆகியவற்றை வெட்டிய பத்து நாளைக்குள் அறுத்துவிட வேண்டும். கிடந்தால் பூஞ்சை பிடித்து நீலம் பாயும், வண்டு துளைக்கும். உடனே முடியாதென்றால் கட்டையைக் குளத்திலோ தொட்டியிலோ முழுக்க முழுகப் போடுங்கள். பழைய ஆட்கள் மாதக்கணக்கில் ஊறப்போட்டதில் விஷயம் இருக்கிறது: மாவுச்சத்து கரைந்து வெளியேறும், உளு குறையும். பாதி மூழ்கிக் கிடப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம்.

அறுக்கும் அளவில் கால் அங்குலம் கூட்டிச் சொல்லுங்கள். 2 × 5 வேண்டுமென்றால் 2¼ × 5¼. பச்சை மரம் காயும்போது வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மரம் வளைவதும் வெடிப்பதும் இந்த ஏற்றத்தாழ்வால்தான். நடுச்சோறு ஒரு சட்டத்துக்குள் மாட்டிக்கொண்டால் அந்தச் சட்டம் நிச்சயம் பிளக்கும். நடுவைப் பிளந்து ஒதுக்கச் சொல்லுங்கள்.

மருந்து

சட்டம் பச்சையாக இருக்கும்போதே போட வேண்டும், ஈரத்தின் வழியாகத்தான் மருந்து உள்ளே போகும். 100 லிட்டர் தண்ணீருக்குப் போராக்ஸ் 3 கிலோ, போரிக் ஆசிட் 2 கிலோ. வெந்நீரில் கரைத்து ஊற்றுங்கள், குளிர்ந்த நீரில் அடியில் தங்கும். செங்கல் அடுக்கி, கெட்டித் தார்ப்பாய் விரித்து 15 அடி நீளத் தொட்டி செய்யலாம். 1 அங்குல ரீப்பருக்கு ஒரு வாரம், 2 அங்குலக் கைமரத்துக்கு இரண்டு வாரம். மரம் மிதக்கும், மேலே கல் வையுங்கள். எடுத்தபின் உடனே வெயிலுக்குக் கொண்டுபோகாமல், ஒரு வாரம் நெருக்கி அடுக்கித் தார்ப்பாயால் மூடி வைத்தால் மருந்து இன்னும் ஆழம் போகும்.

தென்னைக்குச் சத்துக்குறைவு என்று வைக்கும் அதே போராக்ஸ்தான் இது. அதற்காக மீந்த கரைசலைத் தென்னை மூட்டில் கவிழ்த்துவிட்டால் பயிர் கருகும். அடுத்த மரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஆடு மாடு வாய் வைக்காமல் மூடி வையுங்கள். இந்த மருந்து மழையில் கரைந்து போய்விடும், ஆகவே கூரைக்குள் இருக்கும் மரத்துக்கு மட்டும். வெளியே தெரியும் கைமர முனைக்கு முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து எடுக்கும் எண்ணெய் இரண்டு பூச்சு கொடுக்கலாம், அது தோலைப் புண்ணாக்கும், கையுறை வேண்டும். வண்டியில் வடித்த என்ஜின் ஆயிலைப் பூசும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மேலே கறுப்பாக்குமே தவிர உள்ளே ஏறாது, வீட்டுக்குள் நாற்றம் வேறு.

உலர்த்தல்

அவசரம் எல்லாம் வந்து சேரும் இடம் இது. கொத்தனார் சுவரை முடித்துவிட்டு நிற்பார், மரம் பாதி ஈரத்தில் கிடக்கும். அதனால்தான் அடித்தளத்துக்கு ஆறு மாதம் முன்பே மரத்தை வெட்டச் சொல்கிறோம்.

காற்றோட்டமுள்ள கூரைக்கடியில் இடம் பாருங்கள். காலியான கட்டுத்தரையோ கோழிக் கொட்டகையோ போதும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில், 2 அடிக்கு ஒன்றாகக் கற்களை ஒரே மட்டத்தில் வையுங்கள். ரசமட்டம் பிடித்துப் பார்க்க வேண்டும், அடியில் அரை அங்குலம் தப்பினால் மேலுள்ள எல்லாச் சட்டமும் அந்தக் கோணலோடுதான் காயும். முதல் வரிசைச் சட்டங்களை ஒரு அங்குல இடைவெளி விட்டு அடுக்கி, மேலே 1 × 1 அங்குலக் குச்சிகளைக் குறுக்கே போடுங்கள். குச்சி காய்ந்த மரமாக இருக்க வேண்டும், பச்சைக் குச்சி போட்டால் அந்த இடத்தில் கறை விழும். கல்லுக்கு நேர்மேலே குச்சி, குச்சிக்கு நேர்மேலே அடுத்த குச்சி, ஒரு தூண்போல மேலே போக வேண்டும். ஒரு கை விலகினாலும் பாரம் அந்தரத்தில் இறங்கி, சட்டம் பாம்புபோல நெளியும். உச்சியில் பழைய கல்தூணோ மணல் மூட்டையோ பாரமாக.

தண்ணீர் மிக வேகமாக வெளியேறுவது சட்டத்தின் இரு முனைகள் வழியே. நடு ஈரமாக இருக்க முனை காய்ந்தால் அங்கே வெடிப்பு தொடங்கி உள்ளே ஓடும். அறுத்த அன்றே இரு முனைக்கும் மெழுகோ பழைய எனாமல் பெயின்ட்டோ கெட்டியாக அடியுங்கள். ஒன்றுமில்லையென்றால் சாணியாவது அப்பிவிடுங்கள், அடிக்கடி அப்ப வேண்டியிருக்கும்.

நம் ஊருக்கே உரிய ஒரு ஆபத்து வைகாசியிலிருந்து ஆடி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்று. சீக்கிரம் காயட்டும் என்று அடுக்கை அதற்குத் திறந்துவிட்டால் மேல்தோல் மட்டும் சுருங்கி, பலகை முகமெங்கும் கீறல் விழும். மேற்குப் பக்கம் சாக்குப் படுதா கட்டுங்கள், பகலில் மூடி இரவில் திறந்தால் இன்னும் நல்லது.

எப்போது காய்ந்தது? எல்லா அடுக்கிலும் ஒரு சட்டத்துக்கு அடையாளம் வைத்து, 15 நாளுக்கு ஒருமுறை எடை போட்டு அதன் மேலேயே எழுதி வாருங்கள். மூன்று முறை தொடர்ந்து எடை இறங்காமல் நின்றால் ஏற்றலாம். ரீப்பருக்கு மூன்று நான்கு மாதம், 2 அங்குலக் கைமரத்துக்கு ஆறிலிருந்து எட்டு மாதம் ஆகும். ஈரமானி வைத்திருந்தால் சட்டத்தைக் குறுக்கே அறுத்து நடுவில் குத்திப் பாருங்கள், 12-லிருந்து 15 சதவீதம் சரி. மேலே குத்திப் பார்த்து 12 என்று மகிழ்ந்து ஏற்றிய கதவுகள்தான் மழைக்காலத்தில் சாத்த மறுக்கின்றன. இடையில் அடுக்கின் கீழே மைதா மாவுபோலத் தூள் கொட்டியிருந்தால் உளு வந்துவிட்டது. அந்தச் சட்டத்தை மட்டும் பிரித்தெடுத்துத் தள்ளி வையுங்கள், அன்றே.

ஏற்றுவது

மரம் எங்கேயும் மண்ணையும் ஈரச் சுவரையும் தொடக்கூடாது. தூண் வருமானால் கீழே ஒரு அடியாவது கருங்கல், தூணுக்கும் கல்லுக்கும் நடுவே தகடு. சுவர்ச் சட்டத்தைப் பிடிக்க 12 மில்லிமீட்டர் போல்ட்டுகளை 4 அடிக்கு ஒன்றாக, சுவரில் ஒன்றரை அடி ஆழம் இறக்கிச் சுவர் கட்டும்போதே நட்டுவிடுங்கள். பிறகு துளைத்துச் செருகிய போல்ட் காற்றுக்கு வெளியே வரும். கைமர முனையைச் சுவருக்குள் புதைத்துச் சாந்து பூசி மூடும் வழக்கம் இங்கே உண்டு. இடித்த வீடுகளில் அந்த முனைதான் முதலில் போயிருந்தது. முனையைச் சுற்றி அரை அங்குலம் காற்று விடுங்கள், எலிக்குக் கம்பிவலை போதும்.

கைமரத்தின் வளைவு மேல்நோக்கி இருக்கும்படி வைத்து, ஓரத்திலிருந்து நூல் கட்டிச் சரிபாருங்கள். ரீப்பரை ஒவ்வொரு கைமரத்திலும் ஆணியடிக்கும் முன் சிறு துளை போட்டுக்கொண்டால் பிளக்காது. இணைப்பு எப்போதும் கைமரத்தின் மேல், அடுத்தடுத்த வரிசையில் ஒரே கைமரத்தில் விழாமல் மாற்றி மாற்றி. ஓட்டை ஒரு பக்கம் மட்டும் முழுக்க ஏற்றிவிட்டு மறுபக்கம் வராதீர்கள், கீழிருந்து வரிசை வரிசையாக முழு நீளத்துக்கும் ஏற்றுங்கள். ஓரத்து இரண்டு வரிசையையும் இறவாரத்து வரிசையையும் கம்பியால் ரீப்பரோடு கட்டுங்கள், காற்று தூக்குவது அங்கேதான்.

முதல் கோடை முடிந்ததும் ஏணி போட்டு ஏறுங்கள். மரம் இன்னும் கொஞ்சம் சுருங்கியிருக்கும், போல்ட் நட்டுகள் தளர்ந்திருக்கும். ஒவ்வொன்றையும் வாஷர் மரத்தில் பதியும் வரை முறுக்கி, விலகிய ஓட்டைத் தள்ளி, ஐப்பசி மழைக்கு முன் இறங்கிவிடுங்கள்.